சூரியனுக்கு வக்காலத்து வாங்கியவர்

முத்தியால்பேட்டைக் கண்ணையனுக்குப் பல வருஷமாக ஒரு மனக்குறை. நல்ல வெந்நீர் அடுப்பு ஒன்றைத் தன் கையாலேயே கடப்பாறை போட்டு இடித்தான். அதுகூடப் போகட்டும். இடித்து முடித்த கையோடு, இடிக்கச் சொன்ன மனிதரைப் பார்த்து "மெர்சி முசியே" என்று வேறு சொன்னான். அந்த நன்றிதான் இன்றைக்கும் அவன் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது.

இடிக்கச் சொன்னவர் பக்கத்து வீட்டுத் தணிகாசலம். அவர் ஒரே ஒரு ஆள் என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். அவர் ஒரு தனி இனம். காசு கொடுத்து ஒரு பொருளை வீட்டுக்குக் கொண்டுவந்த நிமிஷத்திலிருந்து அந்தப் பொருளுக்குச் சம்பளமில்லாத வக்கீலாக மாறிவிடுகிற இனம். இவர்கள் வாங்கிய குடை ஒழுகினால் குற்றம் மழையுடையது. செருப்பு கடித்தால் குற்றம் காலுடையது. கடிகாரம் பிந்தினால் ஊரே அவசரப்படுகிறது என்பார்கள். இந்த இனத்தில் ஊருக்கு நாலு பேர் உண்டு. நம் ஊரில் கொஞ்சம் கூடுதல்.

தணிகாசலம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பிய சொல்தா. எண்பத்தைந்தாம் வருஷம் சித்திரையில், மெட்ராசிலிருந்து லாரியில் ஒரு சாமான் வந்து அவர் வாசலில் இறங்கியது. கட்டில் அளவுக்கு ஒரு பெட்டி, மேலே கண்ணாடி, உள்ளே கறுப்புப் பெயின்ட் அடித்த தகடு, அதில் வளைந்து வளைந்து ஓடும் செம்புக் குழாய், கூடவே ஒரு டேங்க். இதற்குப் பெயர் சோலார். மொட்டை மாடியில் ஏற்றி வைத்தால் வெயிலிலேயே தண்ணீர் காயும். விறகு வேண்டாம், கரண்ட் வேண்டாம். தெருவே மாடிக்கு ஏறிப் போய்ப் பார்த்தது. தணிகாசலம் குழாயைத் திறந்தார். ஆவி பறந்தது. வரிசையில் நின்று விரலை நீட்டிச் சுட்டுக்கொண்டார்கள், கை தட்டினார்கள். சித்திரை வெயிலில் இந்த ஊரில் எதுதான் காயாது? மாடியில் மறந்து வைத்த சொம்புத் தண்ணீரே கொதிக்கிறது. வேர்த்து வழிகிற மாதத்தில் வெந்நீர் யாருக்கு ஐயா வேண்டும் என்று ஒருத்தராவது கேட்டார்களா? கேட்கவில்லை. கண்ணையனும் கேட்கவில்லை.

கண்ணையன் மில் தொழிலாளி. ஷிப்டு முடிந்து பஞ்சும் வேர்வையுமாக வருகிறவனுக்கு வீட்டுப் பின்புறம் ஒரு வெந்நீர் அடுப்பு. சவுக்கு மிளாறு, மல்லாட்டை என்கிற வேர்க்கடலையின் தோல், கையில் அகப்பட்டதையெல்லாம் தின்று தண்ணீர் காய்ச்சித் தரும். அதன் புகை நேராக மேலே போய்ப் பக்கத்து மாடிக் கண்ணாடியில் படிந்தது. சுவருக்கு மேல் ஒரு தலை முளைத்தது.

"கண்ணையா, ஒம் பொகை வந்து என் சோலாரு மேல குந்துது."

"பொகைய நான் எங்கண்ணே கட்டி வெக்கிறது?"

"கட்ட வாணாம். அடுப்பயே எடுத்துடு. நான் ஒரு டியூபு போட்டு சொவத்துக்கு இந்தாண்ட வுட்டுடறேன். ஆயுசுக்கும் சுடுதண்ணி. மார்கழில ஒம் பொண்ணு கமலா பிரசவத்துக்கு வருதில்ல? கொழந்தய குளிப்பாட்ட வெறகு பொறுக்கினு நிப்பியா? தொறந்தா தண்ணி!"

பேத்தியா பேரனா என்று தெரியாத குழந்தையின் பேச்சை எடுத்ததும் கண்ணையன் இளகிப்போனான். கடப்பாறையை எடுத்தான். அதற்கப்புறம்தான் அந்த மெர்சி.

"மழக் காலத்துல சூரியன் வந்து ஒனக்கு ஓவர்டைம் பாக்குமா?" என்று கேட்டாள் அவன் பெண்டாட்டி அஞ்சலாட்சி. அவள் பேச்சை யார் கேட்டார்கள்?

ஐப்பசி வந்தது. தண்ணீர் சில்லென்று வந்தது. "மழையில்ல?" என்றார் தணிகாசலம். கார்த்திகையில் புயல் சின்னம். மார்கழியில் பனி. அவர் வக்காலத்தில் ஒரு ஓட்டை கிடையாது. பகலில் மேகம் விலகி ரெண்டு நாழி வெயில் அடித்தால் தண்ணீர் கொஞ்சம் காயத்தான் காயும். ஆனால் ராத்திரிப் பனியில் டேங்க்கிலேயே கிடந்து, ஜனங்கள் குளிக்கிற நேரத்துக்குள் ஆறி அடங்கிவிடும். அதற்கு இயந்திரம் என்ன செய்யும்? தப்பு, விடியற்காலையில் குளிக்கிறவர்கள் பேரில். ஆகவே அவர் வீட்டில் குளியல் நேரம் மத்தியானம் மூன்று மணிக்கு மாற்றப்பட்டது. அவர் மனைவி மணியம்மாள் மார்கழி விடியலில் கோயிலுக்குப் போகிறவள். அவள் மட்டும் ரகசியமாகக் கிணற்றுத் தண்ணீரில் குளித்தாள். அது சோலார் தண்ணீரைவிட வெதுவெதுப்பாக இருந்ததாம். வெளியே சொல்லாதே என்று புருஷன் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார்.

இந்த இனத்தின் பேச்சைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். 'நல்ல சூடு' என்றால் கை வைக்கலாம். 'வெதுவெதுப்பு' என்றால் பச்சைத் தண்ணீர். 'சில்லுன்னு இல்லையே' என்றால் ஐஸ். யாராவது முகம் சுளித்தால் கடைசி ஆயுதம் வெளியே வரும்:

"பிரான்ஸ்ல முழங்கால் ஒசரம் பனி கெடக்கும். அங்கயே இது வேல செய்யுது."

"நீங்க பாத்தீங்களாண்ணே?"

"பாத்தவங்க சொன்னாங்க."

ராணுவத்தில் கொடுத்த கம்பளிக் கோட்டு ஒன்றை அவர் உயிராக வைத்திருந்தார். மார்கழி பிறந்ததும் அதைக் கொண்டுபோய் டேங்க்குக்குப் போர்த்திப் பொத்தான் போட்டார். டேங்க் கதகதப்பாக நின்றது. பக்கத்தில் அவர் ஒற்றை வேட்டியோடு நடுங்கிக்கொண்டு, பழைய பனியனால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கண்ணையன் அப்போதே அடுப்பைக் கட்டியிருக்கலாமே என்கிறீர்கள். எப்படிக் கட்டுவான்? இடித்தவனும் ஒரு வகையில் வாங்கியவன்தானே. மில்லில் கூட வேலை செய்கிறவர்கள் கேட்டால் "சோலாரு சோலாருதாம்ப்பா" என்று தலையை ஆட்டினான். வீட்டில் அஞ்சலாட்சி ஸ்டவ்வில் குட்டிச் சட்டி வைத்துச் சமாளித்தாள்.

கமலாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் முதல் குளியல். வானம் மூடிக் கிடந்தது, ஊதல் அடித்தது. ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் தீர்ந்திருந்தது. "அதான் டியூபு இருக்குதே" என்று கண்ணையன் வீறாப்பாகக் குண்டானில் பிடித்துக் கொண்டுவந்து வைத்தான். அஞ்சலாட்சி காலை நீட்டிக் குழந்தையைப் போட்டு எண்ணெய் தேய்த்திருந்தாள். முழங்கையைத் தண்ணீரில் விட்டவள் வெடுக்கென்று எடுத்தாள்.

"யோவ்! இது கொழந்தயா, மீனா? ஐஸ் தண்ணியில போட்டு வெக்கவா?"

சுவருக்கு மேல் தலை. "கைய நல்லா உள்ள வுடும்மா. மேல்தண்ணி காத்துல ஆறியிருக்கும். அடில சூடு இருக்கும்."

"அடிலயும் பாத்துட்டேன்."

"கொழந்தைக்கு ரொம்ப சூடு ஆவாதும்மா. பிரான்ஸ்ல..."

"அண்ணே, பிரான்ஸு இருக்கட்டும். ஒரு சொம்பு இத நீங்க தலையில ஊத்திக்கினு காட்டுங்க. நான் கொழந்தைக்கு ஊத்தறேன்."

வேறு யாராயிருந்தாலும் அந்த இடத்தில் தலை சுவருக்குக் கீழே போயிருக்கும். தணிகாசலம் அப்படிப்பட்டவரா? சொம்பை வாங்கினார். ஊற்றிக்கொண்டார். உடம்பு முழுக்க மயிர் குத்திட்டு நின்றது. பல் கிட்டித்துப் போயிற்று. அந்தப் பல்லுக்கு நடுவே, "ஆ... இன்னா சொகம்!" என்றார். ஊற்றினது போதாதென்று அவராகவே இன்னொரு சொம்பு கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார்.

குழந்தை தும்மியது.

கண்ணையன் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருந்தான். அந்தத் தும்மலைப் பொறுக்க முடியவில்லை. விடுவிடுவென்று போய் மூன்று செங்கல்லைக் கூட்டினான். சவுக்கு மிளாறை முறித்துத் திணித்தான். அண்டாவை வைத்துப் பற்றவைத்தான். நனைந்து நின்ற தணிகாசலத்தின் மூக்குக்கு முன்னாலேயே புகை கிளம்பி, அவர் மாடிக் கண்ணாடியை நோக்கிச் சாவதானமாகப் போயிற்று. தண்ணீர் காய்ந்தது. குழந்தை எண்ணெய் போகக் குளித்துவிட்டுச் சாம்பிராணிப் புகையில் தூங்கிப்போனது. தணிகாசலம் ஜுரத்தில் படுத்தார். கேட்டவர்களிடமெல்லாம், சோலார் தண்ணீரில் அளவுக்கு மிஞ்சிச் சூடு இருந்ததால் வந்த ஜுரம் என்று சொல்லி அனுப்பினார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டு மிக்சி போடும்போது பக்கத்து வீட்டுக் குழந்தை அலறுகிறதே, "கம்பெனி மிக்சின்னா சத்தம் வரத்தான் செய்யும்" என்று போன வாரம் சொன்னது யார்? மூன்று தடவை உதைத்தால்தான் கிளம்புகிற உங்கள் வண்டிக்கு, "முதல் உதை எஞ்சினுக்கு நல்லது" என்று விளக்கம் சொன்னது யார்? நானா? மாடிக்குப் போய் நீங்களும் எதற்காவது கோட்டு மாட்டி வைத்திருக்கிறீர்களா என்று ஒரு தரம் பார்த்துவிட்டு வாருங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கண்ணையன் அடுப்பை ஒழுங்காகக் கட்டி மண் பூசிக்கொண்டிருந்தான். சுவருக்கு மேல் மறுபடியும் தலை. தோளில் துண்டு, கையில் காலி வாளி. தணிகாசலம் குரலைத் தாழ்த்தினார்.

"கண்ணையா, காஞ்சதும் ஒரு வாளி இந்தாண்ட குடு. குளிக்கிறதுக்கு இல்ல. நம்ம சோலாரு தண்ணியோட வெச்சி ஒப்பிட்டுப் பாக்கணும். தெனம் ஒரு வாளி, மார்கழி முடியிற வரைக்கும் குடுத்தா போதும். சோப்பு போட்டு ஒப்பிட்டாத்தான் சரியா தெரியும்."