டாஷ்போர்டைக் கழற்றியவர்

கடையில் எதைப் பார்த்தாலும் "இதை நானே பண்ணிடுவேனே" என்று சொல்லி வாங்காமல் திரும்பும் ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் திறந்த கார்க் கதவு வழியே இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால், அவரேதான்.

இந்தக் கால்களுக்குச் சொந்தக்காரர் ஒரு கணக்காளர். அவர் காரில் ரேடியோ நன்றாகவே பாடிக்கொண்டிருந்தது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. சீட்டுக்கட்டு அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், அதற்கொரு தொடுதிரை, திரைக்கு ஒயர், ஒயருக்குக் கிளிப் என்று வாங்கிக் குவித்து, டாஷ்போர்டைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, பாட்டு, படம், வழிகாட்டும் வரைபடம் எல்லாம் ஒரே திரையில் வரும் என்று வீட்டாருக்கு வாக்குக் கொடுத்தார். எப்போது வரும்? இன்னும் ஒரே ஒரு ஒயர்தான் பாக்கி என்பார்.

மனைவிக்குப் படமும் வேண்டாம், வரைபடமும் வேண்டாம். மகள் வேலை கிடைத்து வெளியூர் போகிறாள். ரயில் நிலையம் வரை மூவரும் பேசிக்கொண்டே போக வேண்டும். அந்த அம்மாள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

ஒருவழியாகத் திரை ஒளிர்ந்தது, பாட்டும் வந்தது. ஆனால் சாவியைத் திருப்பிச் சட்டென்று வண்டியை அணைத்தால் கம்ப்யூட்டர் கெட்டுவிடுமாம். ஆகவே எங்கே போனாலும், அது முறைப்படி கண்ணயரும்வரை குடும்பமே காருக்குள் காத்துக் கிடந்தது. மனைவி முணுமுணுத்தார். கணக்காளருக்கு ரோஷம் வந்துவிட்டது. சாவிக்குச் சம்பந்தமே இல்லாமல் நேரே பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்தார். இனி அது அணையவே அணையாது என்றார்.

அணையவில்லை. மகள் கிளம்பும் காலையில், பெட்டிகளை ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினால், கார் ஒருமுறை முனகியதோடு சரி. கம்ப்யூட்டர் இரவெல்லாம் விழித்திருந்து பேட்டரியைக் காலி செய்திருந்தது.

"ஒரு பத்து நிமிஷம் குடு."

"நான் குடுப்பேங்க. ரயில் குடுக்காது," என்று மனைவி டாக்சிக்குப் போன் செய்தார்.

டாக்சி வந்ததும் வழக்கம்போல முன்சீட்டுக்குப் போனவரை மகள் பின்னால் இழுத்து நடுவில் உட்கார்த்திக்கொண்டாள். கைக்கெட்டிய தூரத்தில் ஒரு திருகாணிகூட இல்லை. வேறு வழியின்றி மனிதர் பேசினார். அறை எப்படி, சாப்பாடு எப்படி என்றெல்லாம் விசாரித்தார். அவள் போய்ப் பார்த்துவந்த அறையில் மின்விசிறி மட்டும் மெதுவாகச் சுற்றுகிறதாம். மனைவி ஆசைப்பட்டபடியே ரயில் நிலையம் வரை பேச்சு ஓயவில்லை.

ரயில் நகர்ந்து மறைந்தபின் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த ஃபேனை நானே சரி பண்ணிடுவேன். அடுத்த ஞாயித்துக்கிழமை போய்ட்டு வரலாமா?"

அந்த அம்மாள் முதல்முறையாக, "திருப்புளியை மறக்காம எடுத்துக்குங்க," என்றார்.

நீங்கள் சிரித்துக்கொண்டே படித்திருப்பீர்கள். நல்லது. ஆனால் பேட்டரி தீர்ந்த இடத்தில், 'நடுவில் ஒரு சுவிட்ச் போட்டிருந்தால் போதுமே' என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால், அடுத்த பயணத்தில் நீங்களும் பின்சீட்டில், நடுவில்தான் உட்கார வேண்டும்.