வெள்ளிக்கிழமை ஹேக்கர்

சரியாகப் பதினொன்று ஏழுக்கு மறுபடியும் யாரோ அறிவரசனின் கணக்குக்குள் நுழையப் பார்த்தார்கள்.

பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூடத்து ஆபீசில் அவர் கிளார்க். மாற்றுச் சான்றிதழ் ஒன்றில் பிறந்த தேதியை எழுதிக்கொண்டிருந்தபோது செல்போன் முனகியது. 'உங்கள் கிரிப்டோ கணக்கில் தவறான பாஸ்வேர்டுடன் ஒரு முயற்சி. இடம்: திருச்சிராப்பள்ளி.' மூன்றாவது வாரமாக இதே கதை. பதற்றத்தில் அந்த மாணவியை 2071ஆம் வருடம் பிறக்க வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் வாத்தியார் ஆண்ட்ரூஸிடம் ஓடினார்.

"சார், வெள்ளிக்கிழமையானா பதினோரு மணிக்கு வந்துடறான் சார்!"

"ஒழுக்கமானவனா இருக்கானே! நம்ம ஸ்டாஃபே இவ்வளவு கரெக்டா வர்றதில்ல."

"திருச்சின்னு காட்டுது. எம் மச்சான் ஒருத்தன் திருச்சிலதான் இருக்கான்."

"அது அப்படித்தான் காட்டும். ஆளு ரஷ்யாவுல கம்பளியப் போத்திக்கிட்டு உக்காந்திருப்பான். பாஸ்வேர்டு என்ன வச்சிருக்கீங்க?"

அறிவரசன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவர் காதில் சொன்னார். மனைவி ஜெயசுதாவின் பெயர், பின்னால் கல்யாணமான வருடம்.

ஆண்ட்ரூஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். "பொண்டாட்டி பேரா? ஹேக்கர் மொதல்ல போட்டுப் பாக்கறதே அதத்தான் சார்!"

அந்தக் கணக்கில் கோடிகள் ஏதும் குவிந்து கிடக்கவில்லை. குன்னம் பக்கத்தில் இவர்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். மழை வந்தால் மக்காச்சோளம், வராவிட்டால் வானம். மூன்று வருடத்துக்கு முன்னால் ஜெயசுதா தன் ஆறு ஆடுகளை விற்று நாற்பதாயிரம் ரூபாயை அவர் கையில் கொடுத்தாள். "ஒரே வருசத்துல ரெட்டிப்பாக்கி உனக்கு போர் போட்டுத் தரேன், பாரு" என்று அவர் அதைக் கிரிப்டோவில் போட்டார். போட்ட மறுமாதமே அது சரிய ஆரம்பித்தது. இப்போது பதினோராயிரம் இருக்கிறது. ஆனால், ராத்திரி சோறு போடும்போது "ஏறுச்சாங்க?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் அவர் வாய் தானாக ஏற்றிச் சொல்லிவிடும். அப்படியே ஏறி ஏறி அவர் வாய்க்கணக்கில் அது தொண்ணூறாயிரத்தில் வந்து நின்றிருந்தது.

மிச்சமிருக்கும் பதினோராயிரமும் போய்விட்டால், 'என்றைக்காவது ஏறும்' என்று நினைத்துக்கொள்ளக்கூட ஒன்றும் இருக்காது. அவள் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல வேண்டியதுதான். ஹேக்கரைவிட அவருக்கு அதுதான் பயம்.

அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றினார். ஜெயசுதாவின் பெயரை அழிக்கும்போது மனசுக்கு என்னவோ போலிருந்தது. ஆண்ட்ரூஸ் எழுதிக் கொடுத்த புது பாஸ்வேர்டில் எழுத்தும் எண்ணும் நட்சத்திரமும் கலந்து இருபத்திரண்டு இருந்தன. அதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அவராலும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வெள்ளி பதினொன்று ஏழுக்கு ஹேக்கர் வழக்கம்போல வந்தான்.

"விட மாட்டான் போல. இனிமே ரெண்டாவது பூட்டு போடணும்," என்றார் ஆண்ட்ரூஸ். "ஒரு ஆப் இருக்கு. முப்பது செகண்டுக்கு ஒரு தடவ புதுசா ஆறு நம்பர் காட்டும். அதப் போடாம உள்ள போவ முடியாது. அத உங்க போன்ல வைக்காதீங்க. சிம்மில்லாத பழைய போன்ல வச்சு, வூட்டுல யாருமே கை வைக்காத எடமாப் பாத்து ஒளிச்சிடுங்க."

ஜெயசுதா கை வைக்காத இடம் அந்த வீட்டில் இல்லை. அரிசிப் பானை, பீரோ, பரண், சாமி படத்துக்குப் பின்னால் என்று எல்லா இடத்தையும் வாரத்துக்கு ஒருமுறை துடைக்கிறவள் அவள். அறிவரசன் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாவது நாள் வயலோரம் கம்பும் சோளத்தட்டையும் வைத்துக் கட்டியிருந்த வெங்காயப் பட்டறை கண்ணில் பட்டது. உள்ளே அடுத்த நடவுக்கான சின்ன வெங்காயம். விதை வெங்காயத்தில் எந்தக் குடியானவன் வீட்டிலும் கை வைக்க மாட்டார்கள். வங்கி லாக்கர்கூட அவ்வளவு பத்திரமில்லை என்று தோன்றியது. பழைய போனையும் பாஸ்வேர்டு சீட்டையும் ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி, தட்டையை விலக்கி, கை நீளத்துக்கு உள்ளே புதைத்தார்.

ஒரு சிரமம்தான். கணக்கைப் பார்க்க வேண்டுமென்றால் தினமும் பட்டறைக்குப் போய்த் தோண்ட வேண்டும். சாயங்காலம் வீடு திரும்பியதும் சட்டையைக் கழற்றிவிட்டு அங்கே போய் உட்கார்ந்துவிடுவார்.

"எங்கங்க போறீங்க?"

"வெங்காயம் அழுவுதான்னு பாத்துட்டு வரேன்."

வெங்காயம் அழுகவில்லை. தோல் தூசி பட்ட கையால் கண்ணைக் கசக்கியதில் அறிவரசன்தான் அழுதார். ஒரு கையில் புது போன், ஒரு கையில் பழைய போன், கன்னமெல்லாம் கண்ணீர். ஆறு எண்ணைத் தட்டி முடிப்பதற்குள் முப்பது வினாடி ஓடிவிடும். "ஐயோ போச்சே!" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

அதைத்தான் பக்கத்து வயல் கொளஞ்சியம்மாள் பார்த்துவிட்டாள்.

"ஏன்டி ஜெயா, ஒம் புருசனுக்கு என்ன கொறடி வச்ச? தெனம் பட்டறைகிட்ட உக்காந்து 'போச்சே, போச்சே'ன்னு அழுவுது மனுசன்."

அன்று ராத்திரி அவர் தட்டில் இரண்டு ஆம்லெட் இருந்தது. ஏறியதா என்றும் ஜெயசுதா கேட்கவில்லை. அறிவரசனுக்கு ஆம்லெட் இறங்கியது, காரணம் புரியவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் அவர் வயலுக்குப் போனபோது பட்டறை இருந்த இடத்தில் நாலு கம்பும் கொஞ்சம் தோலும் கிடந்தன.

வீட்டுக்கு ஓடி வந்தார். "ஏ ஜெயா! வெங்காயம் எங்க?"

"வித்தாச்சுங்க. வெல நல்லா வந்துச்சு. மத்தியானமே வேன் ஏத்திட்டாங்க."

"வெத வெங்காயத்தையா வித்த?"

"ஆமா."

"அடுத்த நடவுக்கு?"

"அப்ப பாத்துக்கலாம்." அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பதினெட்டு வருடக் குடித்தனத்தில் 'அப்ப பாத்துக்கலாம்' என்று அவள் சொல்லி அவர் கேட்டதில்லை. பொறுப்பில்லாமல் போய்விட்டாளே என்று கோபம் வந்தது. பட்டறைக்குள் தான் ஒளித்ததை நினைத்ததும் கோபப்படவும் வாயில்லாமல் போயிற்று.

வியாபாரிக்கு போன் போட்டார். "அண்ணே, மூட்டையில ஒரு செல்போன் இருக்கும், பாருங்களேன்."

"ரிங் விட்டுப் பாருங்க."

"சிம் இல்லண்ணே."

"சிம்மில்லாத போன வெங்காயத்துக்குள்ள எதுக்குங்க வச்சீங்க?"

வியாபாரி இரக்கப்பட்டு, "மூட்ட பிரிஞ்சு நாலு மார்க்கெட்டுக்குப் போயிருச்சுங்க. யாராச்சும் சாம்பார்ல கண்டாச் சொல்லச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

ஞாபகத்திலிருந்து பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்தார். நட்சத்திரம் முன்னாலா பின்னாலா என்பதில் இரண்டு முறை தப்பு. வெள்ளிக்கிழமை பதினொன்று ஏழுக்கு ஹேக்கர் தன் பங்குக்கு ஒரு தப்புப் போட்டான். கணக்கு பூட்டிக்கொண்டது. ஹேக்கரும் சொந்தக்காரரும் இப்போது வாசலில் ஒன்றாக நின்றுகொண்டிருந்தார்கள்.

திறக்க வேண்டுமென்றால் ஆதாரை ஸ்கேன் செய்து, முகத்தையும் காட்டி, நான் நானேதான் என்று நிரூபிக்க வேண்டுமாம். சனிக்கிழமை காலை குன்னம் கடைத்தெருவில் சோபியாவின் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனார். ஊரில் பாதிப் பேருக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிற பெண். இவர் மகள் மேகலாவின் ஸ்காலர்ஷிப்புக்கும் அவள்தான் போட்டாள்.

"உக்காருங்கண்ணே. எந்த வெப்சைட்டு?"

சொன்னார். சோபியா பக்கத்தைத் திறந்து கட்டத்தில் ஒரு எழுத்துத் தட்டினாள். உடனே அறிவரசனின் ஈமெயில் முழுசாக வந்து நின்றது.

அவர் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். "ஏம்மா, நான் இன்னும் சொல்லவே இல்லியே! எப்படி வருது?"

"இங்க அடிக்கடி போடறதுதானேண்ணே, அதான் தானா..." சோபியா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"யாரு போடறது?"

"நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. ஜெயாக்காதான். வெள்ளிக்கிழமை மகளிர் குழுக் கூட்டத்துக்கு வர்றப்ப இங்க ஒரு எட்டு வந்துட்டுத்தான் போவாங்க. அவங்களே உக்காந்து தட்டுவாங்க."

ரஷ்யாக்காரனின் கம்பளி சட்டென்று காணாமல் போயிற்று. அந்த இடத்தில் ஜெயசுதா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள்.

அறிவரசன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "பாஸ்வேர்டுன்னு என்ன போட்டுப் பாத்தா?"

"மேகலா பேரு, உங்கம்மா பேரு, மாட்டுப் பேரு, குலசாமி பேரு... ஒன்னு விடலைண்ணே."

"அவ பேரு?"

"அத மட்டும் போடல. நாங்கூடச் சொன்னேன். 'எம் பேரயெல்லாம் எங்க வைக்கப்போறாரு'ன்னு சிரிச்சிட்டாங்க."

அறிவரசன் தன் வலது கையைப் பார்த்தார். மூன்று வருடம் அந்தக் கதவுக்கு அவள் பெயர்தான் சாவி. ஆண்ட்ரூஸ் பேச்சைக் கேட்டு அதை அழித்தது இந்தக் கை. அவள் மேல் கோபம் வருமா என்று தேடிப் பார்த்தார், வரவில்லை. ஆடு அவளுடையது, காசும் அவளுடையது. இந்தப் புருசன் பேச்சை நம்பியது போதும் என்று அவள் நினைத்திருந்தால் அதில் தப்பென்ன?

"நெறைய நாள் பொறுத்துட்டா," என்றார் மெதுவாக. "சீக்கிரம் தெறந்து குடும்மா. அதுல இருக்கறதெல்லாம் அவ காசுதான். அவ ஆசப்பட்ட மாதிரியே இன்னைக்கே எடுத்து அவ கையில குடுத்துடறேன்."

சோபியா நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

"எடுக்கறதுக்கு யாருண்ணே வந்தா? அதுல பதினோராயிரந்தான் கெடக்குன்னு, நீங்க தூங்கறப்ப உங்க போன்ல அக்கா எப்பவோ பாத்துட்டாங்க. நீங்க சொல்ற தொண்ணூறு நெசமாவே உள்ள இருக்கணும்னு, மொதல்ல வாரா வாரம் பால் காசு, நேத்திக்கு வெங்காயம் வித்த காசு, எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு உள்ள போடத்தான் வந்தாங்க!"