அடுத்தவர் வீட்டுப் பூட்டன்

கலியாணம் முடிப்பதற்காக ஒரு செத்த மனிதரைத் திருடியவன் நான். (பகிடி இல்லை.)

ஊர்காவற்றுறைச் சவக்காலையிலேயே பெரிய கல்லறை, பாய்க்கப்பல் செதுக்கிய கருங்கல்லோடு நிற்கும் கப்பலோட்டிய ஒரு தண்டையலுடையது. நெடுந்தீவில் பெண் பார்க்கப் போன அன்று அவளைக் கண்டதும் எனக்கு வேறு ஒருத்தியும் வேண்டாம் என்றாகிவிட்டது. தகப்பன் என் வள்ளத்தைப் பற்றி விசாரித்தார். வள்ளம் சின்னது, வாய் பெரியது. "அந்தக் கப்பல் கல்லறை எங்கட பூட்டன்ர" என்று அவிழ்த்துவிட்டேன். தண்டையலின் குடும்பம் முழுக்கக் கனடாவில். அம்மாவும் பக்கத்தில் இல்லை. பிறகென்ன?

ஆத்துமாக்கள் திருநாளில் ஒவ்வொரு குடும்பமும் தன் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தி, சுவாமியார் தீர்த்தம் தெளிக்க வரும்வரை அதனருகே நிற்கவேண்டும். அன்று காலைப் படகில் பெண்வீட்டார் அவளையும் கூட்டிக்கொண்டு சொல்லாமல் வந்து இறங்கினார்கள்.

"உம்மட பூட்டனுக்கு நாங்களும் ஒரு திரி கொளுத்துவம், தம்பி" என்றார் வருங்கால மாமா.

கப்பல் கல்லறையடியில் கொண்டுபோய் நிறுத்தினேன். பத்து நிமிடம் நானே தண்டையலாக நின்றேன். அப்போதுதான் சவக்காலை வாசலில் வான் ஒன்று வந்து நின்றது. கனடாக்காரர், மலர்வளையங்களோடு!

ஒரு பெரியம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, நீர் ஆர்?"

"இவற்ர பூட்டன்தானே இதில கிடக்கிறார்" என்றார் மாமா, பெருமையாக.

"அட, எங்கட சொந்தமோ! எந்தப் பிள்ளையின்ர வழி?"

குனிந்து பார்த்தேன். கல்லில் பொறித்திருந்த பிள்ளைகளின் பெயர்களில், பாசிக்குள் ஒன்றுதான் தெரிந்தது. "மூத்தவர் அந்தோனின்ர வழி."

"அவர் சாமியாராப் போனவரெல்லோ!"

தீர்த்தத்தோடு வந்த சுவாமியாரும் என் பதிலுக்காகக் காத்து நின்றார். மதிலோரத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "டேய், எங்கட ஆள் இஞ்ச கிடக்க, அங்க ஆருக்கடா காவல் நிக்கிறாய்?"

மதிலோரம், சாய்ந்த சீமெந்துச் சிலுவைக்குக் கீழே என் அசல் பூட்டன். அதே கப்பலில் குசினிக்காரன். அம்மா அதையும் ஒளிக்காமல் சொன்னார். மாமா திரும்பும் படகுக்கு மணி பார்த்தார். எல்லாம் முடிந்தது என்று நான் நிலத்தைப் பார்த்து நின்றேன். அவள்தான் அந்தச் சிலுவையடியில் குந்தியிருந்து, கடற்காற்றில் அணைந்த திரியைக் கையால் மறைத்து மறைத்து மூன்றுதரம் கொளுத்தினாள்.

இப்போது அம்மாவும் அந்த மதிலோரத்தில்தான். உருகிய மெழுகும் உப்புக்காற்றும் மணக்கும்போது, அவர் இன்னொருதரம் கத்தி என் மானத்தை வாங்கமாட்டாரா என்றிருக்கும். கனடாப் பெரியம்மா போன் எடுத்தால் இன்றைக்கும் நான் "சாமியாற்ர பேரன்"தான்.

போன திருநாளன்று மனைவியிடம் கேட்டேன், இவ்வளவுக்குப் பிறகும் ஏன் ஓம் என்றாய் என்று.

"குசினிக்காரன்ர பரம்பரை, சமைக்கவாவது தெரியும் எண்டு நம்பினனான். உங்களுக்கு அதுவும் ஏலாது."