தரமாட்டேன் பாயும் இருபத்தேழு இன்ச்சும்

வாடிக்கையாளர்களை விரட்டுவதற்கென்றே உலகத்தில் யாராவது கடை வைத்திருப்பார்களா? ஒருவர் வைத்திருக்கிறார். திருமலைராயன்பட்டினத்தில் வைத்திருக்கிறார். கடையும் நன்றாகத்தான் ஓடுகிறது. நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். நானே அந்தக் கடையிலிருந்து விரட்டப்பட்டவன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

அவருக்கு வாப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. ஊருக்கு அவர் ‘தரமாட்டேன் பாய்’. குவைத்தில் ஒரு கிளப்பில் இருபத்திரண்டு வருஷம் டென்னிஸ் ராக்கெட்டுக்கு நரம்பு கட்டியவர். திரும்பி வந்து விளையாட்டுச் சாமான் கடை போட்டார். யார் உள்ளே நுழைந்தாலும் முதலில் முழங்கையைப் பார்ப்பார், அப்புறம் மணிக்கட்டைப் பார்ப்பார், நேரமிருந்தால் முகத்தையும் பார்ப்பார்.

ஒருமுறை காரைக்காலிலிருந்து ஒரு டாக்டர் காரில் வந்து இறங்கினார். தொப்பையைக் குறைக்க வேண்டும், நல்ல ஷட்டில் ராக்கெட் வேண்டும் என்றார். பாய் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “டாக்டரய்யா, நீங்க ரெண்டு நாள் ஆடுவீங்க. மூணாம் நாள்லேருந்து அதால கொசு அடிப்பீங்க. கொசு பேட்டு எதித்த கடையில இருக்கு, சார்ஜர் வேற குடுக்குறாங்க.” டாக்டர் கோபமாகத்தான் கிளம்பினார். ஆனால் எதிர்க்கடைக்குப் போய்விட்டுத்தான் காரில் ஏறினார்.

இப்படிப்பட்டவரிடம் நான் என் மகள் யாழினிக்கு டென்னிஸ் ராக்கெட் வாங்கப் போனேன்.

யாழினிக்கு அப்போது எட்டு வயது. அந்தக் கோடையில்தான் டென்னிஸ் கற்றுக்கொள்ளச் சேர்த்திருந்தோம். கோச் இரவல் கொடுத்த ஒரு பழைய குட்டி ராக்கெட்டை வைத்துக்கொண்டு வீட்டுச் சுவரைப் பொளந்துகொண்டிருந்தாள். சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் பந்து, தூங்கும்போது தலையணைக்குப் பக்கத்தில் பந்து. சொந்தமாக ஒன்று வாங்கித் தரலாம் என்று ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

“பாய், டென்னிஸ் ராக்கெட் வேணும்.”

“யாருக்கு?”

“மகளுக்கு.”

“மக எங்க?”

“வீட்டுல.”

“அப்ப ராக்கெட்டு இங்கயே இருக்கட்டும். மகளக் கூட்டிட்டு வாங்க தம்பி.”

மறுநாள் கூட்டிக்கொண்டு போனேன். பாய் அவளை நிமிர்ந்து நிற்கச் சொன்னார். கையைப் பக்கவாட்டில் தொங்கப் போடச் சொல்லி, அதில் ஒரு ராக்கெட்டைக் கொடுத்தார். அதன் நுனி தரையைத் தொட்டும் தொடாமலும் நின்றது. கைப்பிடியின் பருமன் சரியா என்று, அவள் பிடிக்குள் தன் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

“இருபத்து மூணு இன்ச்சு. சரியா இருக்கு.”

எனக்கு அது பொம்மை மாதிரி தெரிந்தது. “எத்தன வருஷம் வரும் பாய்?”

“ஒன்னு, ஒன்னரை.”

இங்கே எங்கள் குடும்பத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விழிதியூரில் எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு எதையும் அளவாக வாங்கியதே கிடையாது. நாலாம் வகுப்பில் எனக்குத் தைத்த கால்சட்டை ஏழாம் வகுப்பில்தான் இடுப்பில் நின்றது. இடைப்பட்ட மூன்று வருஷமும் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் நான் கல்வி கற்றேன். செருப்பென்றால் பின்னால் இரண்டு விரல் போக வேண்டும், சட்டையென்றால் கை விரல் தெரியக் கூடாது. இந்த ரத்தம்தானே எனக்குள்ளும் ஓடுகிறது.

“வளர்ற புள்ள பாய். கொஞ்சம் பெருசாக் குடுங்க. அந்தா, பெரியவங்க ஆடுற இருபத்தேழு இன்ச்சு. ஒரே தடவையா முடிஞ்சிடும்.”

பாய் குட்டி ராக்கெட்டையும் உறையில் போட்டு மேலே வைத்துவிட்டார். “தரமாட்டேன்.”

“அவதானே வளரப் போறா!”

“வளரட்டும். வளந்தப்பறம் வாங்க.”

வீட்டில் வந்து சொன்னால் என் மனைவி, “வளர்ற புள்ளைக்கு யாராச்சும் அளவா வாங்குவாங்களா? அந்த பாய்க்கு என்னா தெரியும்?” என்றாள். அதோடு எனக்கு வீரம் வந்துவிட்டது.

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு ரகசியம் உண்டு. பாய் மதியம் லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போகும் அரைமணி நேரம் அவர் மனைவி கடையில் உட்காருவார். அந்த அரைமணியில்தான் கடையின் மொத்த வியாபாரமும் நடக்கும். பாங்கு சொன்னதும் எதிர் டீக்கடையிலிருந்து ஆட்கள் எழுந்து வருவார்கள். நானும் ஒரு நாள் அந்தக் கூட்டத்தில் ஒருவனாகப் போய் இருபத்தேழு இன்ச்சைக் கேட்டேன். “சீக்கிரம் எடுத்துட்டுப் போங்க தம்பி, வந்துடுவாங்க” என்று அந்த அக்கா பழைய துணிப்பையில் சுற்றிக் கொடுத்தார். திருடன் மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

யாழினி முதல் நாள் அதைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தாள். இரண்டாவது வாரம் இரண்டு கையாலும் பிடித்து அடித்தாள். பந்து வலையைத் தாண்டவில்லை. மூன்றாவது வாரத்திலிருந்து, டென்னிஸ் வகுப்பு இருக்கும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மட்டும் அவளுக்கு ஒரு வயிற்று வலி வரத் தொடங்கியது. ஒன்பது மணிக்கு அதுவே போய்விடும். சில நாள் முழங்கையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கேட்டால் ஒன்றும் இல்லை என்பாள். பந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. ஒரு நாள், “எனக்கு டென்னிஸ் வேணாம்பா” என்றாள். நான் சோம்பேறி என்று திட்டினேன். அவ்வளவு ஆசையாக ஆரம்பித்தவள், என் கண் முன்னாலேயே அதை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். எனக்கு அது புரியவில்லை.

இதற்குள் பாய்க்கு விஷயம் தெரிந்துவிட்டது. கடையில் இருந்ததே ஒரு இருபத்தேழுதான். தூசி தட்டும்போது அதைக் காணோம். மனைவியிடம் விசாரணை நடந்திருக்கிறது. அந்த அக்கா, “விழிதியூர் தம்பி மவளுக்குன்னு கேட்டாங்க, எடுத்துக் குடுத்தேன். இப்ப என்னாங்க அதுக்கு?” என்று உண்மையைச் சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிறு காலை நான் யாழினியை வலுக்கட்டாயமாக இழுத்துக்கொண்டு டென்னிஸ் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். பாய் மொபட்டில் வந்து இறங்கினார். குறுக்கே ஒரு படகுத் துடுப்பு. காரைக்கால்மேட்டில் தெரிந்த மீனவர் ஒருவரிடம் இரவல் வாங்கியதாம். வழியெல்லாம், “என்னா பாய், வெள்ளம் வருதா?” என்று கேட்டிருக்கிறார்கள்.

நேராக என்னிடம் வந்து துடுப்பை நீட்டினார்.

“புடிங்க தம்பி. நான் பந்து போடுறேன், அடிங்க.”

“பாய், இது துடுப்பு!”

“தெரியுது. இப்பக் கொஞ்சம் பெருசாத்தான் இருக்கும். நீங்க வளந்தா சரியாப் போயிடும்.”

மற்ற பெற்றோர் எல்லோரும் வேலியோரம் கூடிவிட்டார்கள். மறுத்தால் இன்னும் அசிங்கம். அடித்தேன். முதல் பந்து என்னைக் கடந்து போய் வெகுநேரம் கழித்துத்தான் துடுப்பு வந்து சேர்ந்தது. இரண்டாவது பந்துக்குத் துடுப்பு என்னையும் இழுத்துக்கொண்டு அரைவட்டம் சுற்றியது. மூன்றாவதைத் தொட்டுவிட்டேன். முழங்கையில் சுளீரென்று ஒன்று ஏறியது. “அம்மா!” என்று உட்கார்ந்துவிட்டேன்.

யாழினி விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு மாதம் கழித்து அன்றுதான் அவள் சிரித்தாள்.

பாய் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் குந்தி, என் முழங்கையைத் தொட்டு, “இங்கதான வலிக்குது? புள்ளைக்கும் இங்கதான் தம்பி” என்றார்.

சோம்பேறி என்று அவளைத் திட்டியது இன்றும் உறுத்துகிறது.

பாய் பையிலிருந்து அந்த இருபத்து மூன்று இன்ச்சை எடுத்தார். முழங்கை வலி நிற்கும்வரை தொடாதே என்று சொல்லித்தான் யாழினியிடம் கொடுத்தார். இரண்டு வாரம் அவள் அதைத் தொடாமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கினாள். மூன்றாவது வாரம் முதல் பந்தை அடித்தாள். வலையைத் தாண்டியது, எல்லைக்கோட்டையும் தாண்டியது, வேலியையும் தாண்டிப் போய் யார் வீட்டுக் கூரையிலோ விழுந்தது. கூரைக்காரர் வந்து சண்டை போட்டார். அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

அதற்கப்புறம் அளவு மாற்றும் வேலை பாயுடையது. தெருவில் எங்காவது யாழினியைப் பார்த்தால் அன்று மாலையே போன் வரும். “தம்பி, புள்ள நாலு விரக்கடை வளந்திருக்கு. கூட்டிட்டு வாங்க.” பெற்றவர்கள் எங்களுக்குத் தெரியாது, அவருக்குத் தெரிந்துவிடும். இருபத்தைந்து வந்தது, இருபத்தாறு வந்தது. ஒவ்வொரு முறையும் அதே நிற்கவைத்தல், அதே சுண்டுவிரல்.

யாழினிக்கு இப்போது பதின்மூன்று வயது. அவள் அம்மாவைவிட உயரம். போன மாதம் இருபத்தேழுக்குப் போனோம். பாய் நிற்கவைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது.

“இதான்மா கடைசி” என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. “இனிமே நீ வளரலாம், ராக்கெட்டு வளராது. அளவு பாக்க இங்க வர வேண்டியதில்ல.”

யாழினி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம், “பாய் மாமா, ஷூ ரொம்ப டைட்டா இருக்கு. கால அளந்து பாருங்களேன்” என்றாள்.

பாய் முகத்தில் பல்ப் எரிந்தது. பேப்பரை விரித்தார், மூட்டு வலியோடு தரையில் உட்கார்ந்தார், பென்சிலால் அவள் பாதத்தைச் சுற்றி மெதுவாகக் கோடு போட்டார். “கால் இன்னும் ரெண்டு மூணு வருஷம் வளரும்!” என்று உள்ளே இருந்த மனைவிக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.

திரும்பி வரும் வழியில் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டே கேட்டேன்.

“ஷூ அவ்ளோ டைட்டாவா இருக்கு? சித்தி போன மாசந்தானே வாங்கிக் குடுத்தாங்க?”

“இல்லப்பா. சரியாத்தான் இருக்கு” என்றாள்.

எனக்கும் அவரை விட மனசில்லை.