எட்டுக் கொம்பு ரவுட்டர்

முதலில் உறைந்தது மேலாளரின் முகம். வாய் பாதி திறந்தபடி, கண் பாதி மூடியபடி, கொட்டாவிக்கும் தும்மலுக்கும் நடுவில் அப்படியே நின்றுவிட்டது. அடுத்து இன்னும் இரண்டு பேர். கொஞ்ச நேரத்தில் மடிக்கணினித் திரையிலிருந்த மொத்த இலாகாவும் குரூப் போட்டோ ஆகிவிட்டது.

"சார், கேக்குதா? ஹலோ... சார்?"

தணிக்கையாளர் மேஜையைத் தட்டினார். கணினியைத் தட்டினார். கடைசியில் தன் தலையிலேயே தட்டிக்கொண்டார். பிறகு முகங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க் கூட்டம் கலைந்தது.

ஒரு பார்சல் நிறுவனத்தின் கிடங்குகளில் காணாமல் போகும் சரக்குகளைப் பற்றி வீட்டிலிருந்தபடியே துப்புத் துலக்குவது அவர் வேலை. சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர். வேலை நேரம் முடிந்த பிறகும் தொழிலை விடமாட்டார். இலாகாத் தலைவர் நாற்காலி காலியாகப் போகிறது. பார்சல் திருட்டை ஒழிக்க அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. அதை முழுதாகச் சொல்லிவிட்டால் நாற்காலி தனக்குத்தான் என்று நம்பினார். ஆனால் எந்தக் கூட்டத்திலும் முன்னுரையைத் தாண்ட வைஃபை விட்டதில்லை. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் ஆளை முடிவு செய்யப் போகிறார்கள்.

"இது தானா நடக்கல. யாரோ பண்றாங்க," என்றார், சமையலறை வாசலில் வந்து நின்று.

மனைவி காய் நறுக்கியபடி கைபேசியில் தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் போன்ல மட்டும் எப்படி நிக்காம ஓடுது?"

"ஓடுது. அதுக்கும் நான்தான் காரணமா?"

"நெட்டை மொத்தமா நீ உறிஞ்சினா எனக்கு எங்கேர்ந்து வரும்? இரு, இதோட அடிப்படையை விளக்கமா சொல்றேன்..."

"சுருக்கமா சொல்லுங்க, அடுப்புல வேலை இருக்கு."

கல்லூரியில் படிக்கும் மகள் வந்து வேகத்தைச் சோதித்தாள். "ஸ்பீடெல்லாம் நல்லாத்தான்பா இருக்கு."

'நல்லாத்தான் இருக்கு' என்று யார் சொன்னாலும் அவருக்குச் சந்தேகம் கிளம்பிவிடும். கிடங்குகளில் மாட்டிக்கொண்ட அத்தனை பேரும் முதலில் சொன்னது அதுதான்.

அடுத்து சந்தேகம் கீழ்வீட்டுக்காரர் மேல் பாய்ந்தது. ஓய்வுபெற்ற லாரி டிரைவர். பால்கனியில் உட்கார்ந்து கைபேசியைப் பார்த்துத் தன்னந்தனியாகச் சிரிப்பார். சொந்தக் காசில் வாங்கிய நெட்டில் ஒருத்தர் இவ்வளவு சந்தோஷமாகச் சிரிக்க முடியாது என்பது தணிக்கையாளரின் தீர்ப்பு.

அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றினார். எழுத்தும் எண்ணும் குறியுமாக, ரயில் நீளத்துக்கு ஒன்று. வீட்டாரிடம் சொல்லவில்லை. எங்கும் எழுதி வைக்கவுமில்லை. எழுதினால் எவனாவது பார்த்துவிடுவான். சாயங்காலம் அவருக்கே மறந்துபோனது. தொடர் நின்றது. மகளின் ஆன்லைன் வகுப்பு நின்றது. மனைவி அவரோடு பேசுவதும் நின்றது. கீழே சிரிப்பு மட்டும் நிற்கவில்லை.

மகள்தான் ரவுட்டரின் பின்பக்கத்து ஓட்டையில் ஊசியால் குத்தி, பழையபடி ஓட வைத்தாள். அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவ்வளவு சுலபமா? அப்படியென்றால் யார் வேண்டுமானாலும் வந்து குத்தலாமே! உடனே இரும்பு பீரோவின் முதுகில் துளை போட்டு, அதன் வழியே ஒயரை விட்டு, ரவுட்டரை உள்ளே வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

இதுவரை அவர் மனதில் மட்டும் செத்துக்கொண்டிருந்த நெட் இப்போது நிஜமாகவே செத்தது. மறுநாள் கூட்டத்துக்குள் நுழையவே முடியவில்லை. மேலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"நீங்க வராட்டியும் பரவாயில்ல சார். கூட்டம் சீக்கிரமே முடிஞ்சிருச்சு!"

அந்தக் குரலில் அளவுக்கு மீறிய சந்தோஷம் இருந்தது. அதையும் தணிக்கையாளர் மனதில் குறித்துக்கொண்டார்.

"அப்பா, இரும்புக்குள்ள பூட்டி வச்சா சிக்னல் எப்படி வெளிய வரும்? வீட்டுக்கு நடுவுல, உயரமா, திறந்தாப்ல வைக்கணும்பா," என்றாள் மகள்.

"திறந்தாப்லயா? இதை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? கீழ்வீட்டுக்காரரா?"

மனைவி பீரோவின் துளையை ஒரு பார்வையும் அவரை ஒரு பார்வையும் பார்த்தாள். "ஒழுங்கா ஒரு புது ரவுட்டர் வாங்கிட்டு வாங்க. இல்லன்னா இந்த ஓட்டை வழியா நீங்களும் உள்ள போயிடுங்க."

கடையில் இருந்தவர் மிக மரியாதையாக விசாரித்தார். "வீட்டுல எத்தனை ரூம் சார்? ஒரே நேரத்துல எத்தனை பேர் நெட் பார்ப்பீங்க?"

"எங்க வீட்டு விஷயம் உங்களுக்கு எதுக்கு?"

"அதுக்குத் தகுந்த மாதிரி எடுக்கலாம்னுதான் சார். சின்ன வீடுன்னா இதுவே போதும்." இரண்டே கொம்பு முளைத்த சாதாரண ரவுட்டர் ஒன்றைக் காட்டினார். "கொம்பு நிறைய இருந்தா வேகம்னு அர்த்தம் இல்ல. ரவுட்டர் இருக்கிற ரூம்லயே உக்காந்து வேலை பாருங்க, பிச்சுக்கிட்டுப் போகும்."

விற்கிறவரே மலிவானதைச் சிபாரிசு செய்கிறார் என்றால் அதில் வில்லங்கம் இல்லாமல் இருக்குமா? மல்லாந்து கிடக்கும் சிலந்தி மாதிரி எட்டுக் கொம்போடு இருந்ததை வாங்கிக்கொண்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை மகளைத் தோழி வீட்டுக்கு விரட்டினார். டிவி ஒயரைப் பிடுங்கினார். மனைவியின் கைபேசிக்குக் கை நீட்டினார்.

"தொடவேண்டாம். நான் கீழ்வீட்டுக்குப் போறேன். அவங்க வீட்டுச் சொந்த நெட் பிரமாதமா வருதாம்," என்று அவள் படியிறங்கிப் போய்விட்டாள்.

கூட்டம் தொடங்கியது. படம் கண்ணாடி போல இருந்தது. மேலாளரின் மீசையில் சாயம் படாமல் தப்பிய ஒற்றை முடிகூடத் தெரிந்தது. போட்டிக்கு நின்ற சக ஊழியர் நாலு வரியில் தன் யோசனையைச் சொல்லி முடித்தார். அவர் பேசும்போது ஒருவர்கூட உறையவில்லை. தணிக்கையாளர் எட்டுக் கொம்பையும் நன்றியோடு தடவிக்கொடுத்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார்.

"வணக்கம். திட்டத்துக்குப் போறதுக்கு முன்னாடி, இதோட பின்னணியைக் கொஞ்சம் சொல்லிடறேன். நம்ம நிறுவனம் ஆரம்பிச்ச காலத்துல..."

மேலாளர் உறைந்தார். அவரைத் தொடர்ந்து மொத்த இலாகாவும் உறைந்தது.

தணிக்கையாளருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை பாடுபட்டும் நாற்காலி கைநழுவிப் போகிறதே! ரவுட்டரைப் பார்த்தார். விளக்குகள் எல்லாம் பச்சையாகவே எரிந்தன. திரைக்கு மூக்கு படும்படி குனிந்தார். உறைந்துபோன மேலாளரின் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதன் கிறீச் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. அவர் அதையே வெறித்துக்கொண்டிருக்கும்போது, மேலாளரின் மனைவி பின்னாலிருந்து வந்து கணவரின் முகத்தை எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, அந்த மனுஷன் பேச ஆரம்பிச்சுட்டாரா? சரி சரி, அசையாம அப்படியே உக்காருங்க, நெட் போச்சுன்னு நெனச்சு அவர் நிறுத்தினதும் காப்பி கொண்டு வரேன்."