சுற்றி வரும் ஸ்டோர் ரூம்

முன்னேறிய நாடுகளில் தொழிற்சாலைக்குள் சரக்கைச் சேர்த்து வைப்பதே இல்லையாம். வேண்டிய பொருள் வேண்டிய நிமிடத்தில் வாசலில் வந்து நிற்குமாம். ஆகவே நாமும் முன்னேறுவதெனத் தீர்மானிக்கப்பட்டிருப்பதால், மாத முடிவுக்குள் ஸ்டோரில் இருப்பு பூஜ்யமாக வேண்டும் என்று ஒரு மோட்டார் பம்ப் தொழிற்சாலைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. அங்கே ரோடு இருக்கிறது, கரண்ட் இருக்கிறது. இங்கே போல்ட் கேட்டால் அடுத்த மாதம் நட்டு வரும். அதெல்லாம் சில்லறை விஷயம், சுற்றறிக்கையில் இல்லை.

ஸ்டோர் கீப்பர் அன்று ராத்திரி விஷயத்தை வீட்டில் சொன்னார். பொண்டாட்டி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

“ஏங்க, காலி பண்ணலேன்னா?”

“வேலை போயிடும்.”

“பண்ணிட்டா?”

“சபாஷ்னு சொல்வாங்க.”

“அப்புறம் காலி ரூமுக்கு எதுக்குங்க ஸ்டோர் கீப்பர்?”

பாவம், மனுஷனுக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. வேறு தொழிலும் தெரியாது. மறுநாள் காலையிலேயே மேனேஜர் முன்னால் போய் நின்றார்.

“சார், சரக்கு கேட்டுக்கு உள்ள இருந்தாத்தானே இருப்பு? வெளிய இருந்தா?”

மேனேஜர் மோவாயைத் தடவினார். “வெளிய இருந்தா... வந்துக்கிட்டிருக்குன்னு அர்த்தம்.”

“அதேதான் சார்!”

உடனே ஒரு லாரி அமர்த்தப்பட்டது. ஸ்டோர் மொத்தமும் அதில் ஏறியது. ‘நடமாடும் சரக்கு ஒருங்கிணைப்பாளர்’ என்ற புதுப் பதவியோடு ஸ்டோர் கீப்பரும் ஏறினார். ஓரிடத்தில் நின்றால் மறுபடியும் இருப்பாகிவிடுமே! அதனால் லாரி காலை முதல் மாலை வரை தொழிற்சாலையையே சுற்றிச் சுற்றி வந்தது.

பட்டறையிலிருந்து ஃபோர்மேன் போனில் அலறுவான்.

“அண்ணே, பேரிங் வேணும். எங்க இருக்கீங்க?”

“பெட்ரோல் பங்க்ல, வரிசையில.”

“ஆளுங்க சும்மா உக்காந்திருக்காங்கண்ணே!”

“அதுக்கு எங்கிட்ட ஏன்யா கத்துறே? ஸ்டோர்தான் எப்பவோ காலியாச்சே!”

ஆய்வு நாளன்று லாரியை டிரைவர் பொறுப்பில் விட்டுவிட்டு ஸ்டோர் கீப்பரும் கைகட்டி நின்றார். வந்த அதிகாரி வெற்று அலமாரிகளைப் பார்த்து உருகிப் போனார். இவ்வளவு சுத்தமான ஒன்றுமில்லாமையை அவர் வெளிநாட்டில்கூடப் பார்த்ததில்லையாம். இருப்பில்லாத தொழிற்சாலைக்கான முதல் பரிசு இங்கேதான் என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். திரும்பும் வழியில்தான், பேரிங்குக்காகக் காத்திருந்த கூட்டம் அவர் கண்ணில் பட்டது.

“யார் இவங்க?”

“நம்ம ஆளுங்கதான் சார்.”

“சும்மா இருக்காங்களே. அப்ப இவங்களும் இருப்புதானே?”

மேனேஜரின் கை மறுபடி மோவாய்க்குப் போனது. பூஜ்யம் கெட்டுத் தன் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் ஸ்டோர் கீப்பர்தான் முந்திக்கொண்டார்.

“லாரியில இடம் இருக்குங்க சார்.”

அதிகாரி அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். தேவைப்படும் ஆளைத் தேவைப்படும்போது அழைத்துக்கொள்வது, கேட்டுக்குள் இருக்கும் நேரத்துக்கு மட்டும் சம்பளம் வழங்குவது என்று அங்கேயே உத்தரவாயிற்று. ஸ்டோர் கீப்பரும் எல்லாரோடும் சேர்ந்து கைதட்டினார். ஆட்களையும் ஏற்றிக்கொண்டு லாரி கேட்டைத் தாண்டிய பிறகுதான், தானும் வெளியே இருக்கிற ஆள் என்பது அவருக்கு உறைத்தது.

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். மேய்க்க ஆளில்லாத மேனேஜரும் இருப்பே என்று அடுத்த வாரம் கடிதம் வந்தது. அவரும் ஏறினார்.

பரிசளிப்பு விழாவன்று மைக் சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. மதிலோரமாக லாரி ஊர்ந்துகொண்டிருந்தது.

“சார், பரிசு வாங்க நாம உள்ள போக வேணாமா?” என்றார் ஸ்டோர் கீப்பர்.

பேரிங் பெட்டிமேல் குந்தியிருந்த மேனேஜர் எரிந்து விழுந்தார்.

“பேசாம இருய்யா. தேவைப்பட்டா கூப்பிடுவாங்க.”