வண்டியை எடுக்க வர வேண்டாம், மாப்பிள்ளை

அன்பிலும் நிதானத்திலும் குறையாத மைத்துனருக்கு,

உங்கள் அக்கா கணவர் எழுதும் மடல். இங்கே என் வலது தோள் நீங்கலாக எல்லோரும் நலம். அங்கே தோள்கள் உட்பட அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன். விஷயம் இதுதான்: வரும் ஞாயிற்றுக்கிழமை என் பழைய பிக்கப்பை எடுத்துப்போக நீங்கள் வர வேண்டாம். எடுத்துக்கொள்ளுங்கள் என்று போன மாதம் எழுதியது நான்தான். ஆனால் அது என் தோள்வலி எழுதியது.

பின்னே என்ன மாப்பிள்ளை! என் கல்யாணத்துக்கு மூன்று வருஷம் மூத்த வண்டி. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டுமென்றால் சீட்டை விட்டு எழுந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் தொங்க வேண்டும். இத்தனை வருஷத்தில் என்னைத் தவிர ஒருவருக்கும் அது மசிந்ததில்லை. உங்கள் அக்காவும் லைசென்ஸ் எடுத்த புதிதில் ஒருநாள் ஏறி உட்கார்ந்தாள். தெருமுனையில் திருப்ப முடியாமல் எதிர்வீட்டுச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினாள். “இது உன் கைக்கு அடங்குற வண்டி இல்லம்மா” என்று நான் சிரித்தேன். அன்றைக்கு இறங்கியவள்தான். லைசென்ஸை மட்டும் தவறாமல் புதுப்பித்து பீரோவில் வைத்துக்கொள்கிறாள். எதற்கு என்று நான் கேட்டதில்லை.

எலும்பு டாக்டர் என் தோளைத் தூக்கிப் பார்த்தார், நான் கத்தினேன். “வண்டியை விடுங்க, இல்லன்னா கையை விடுங்க” என்றார். அந்த வேகத்தில்தான் உங்களுக்கு எழுதினேன். எழுதிப் போட்ட மறுநாளே சோறு இறங்கவில்லை. நேராகப் பட்டறைக்குப் போனேன். அங்கே மெக்கானிக்குக்கு ‘ஆயிடும்’ என்றே பெயர். எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். “இதுக்கு பவர் ஸ்டியரிங் மாட்ட முடியுமா?” “ஆயிடும் சார்.” “வண்டிக்கு வயசாச்சே?” “ஆயிடும் சார்.” எனக்கு வேறென்ன வேண்டும்? பழைய சாமான் கடையில் ஒரு வேனிலிருந்து கழற்றிய ஸ்டியரிங் பெட்டி, பம்ப், பெல்ட், குழாய் எல்லாம் வாங்கிக்கொண்டு நம் வாசலிலேயே வேலையை ஆரம்பித்தார். பம்புக்கு இடம் வேண்டும் என்று பேட்டரியை நகர்த்தினார், பேட்டரிக்காக ஏர் ஃபில்டரை நகர்த்தினார், விருந்தாளி வந்த வீட்டில் ஆளாளுக்கு அறை மாறுவதைப் போல உள்ளே எதுவுமே பழைய இடத்தில் இல்லை. முதல் நாள் குழாய் பிய்த்துக்கொண்டு சிவப்பு எண்ணெய் வாசலெல்லாம் ஓடியது. அடியில் மெக்கானிக்கின் கால்கள் மட்டும் தெரிய, பக்கத்து வீட்டம்மா ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுவிட்டார். வந்தவர்களிடம் காரணம் சொல்லி, வந்ததுக்கு என் தோளையாவது பாருங்கள் என்று காட்டி அனுப்பினேன்.

டார்ச் பிடித்துக்கொண்டு நின்ற உங்கள் அக்கா மட்டும், “ஏங்க, பழசுல பெட்டிக்கு அடியில இருக்குற இரும்புக் கை பின்பக்கம் பார்த்துச்சு, இதுல முன்பக்கம் பார்க்குதே?” என்றாள். நானும் மெக்கானிக்கும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். “நீ டார்ச்சை நேரா பிடி” என்றேன். சாயங்காலம் வண்டியைக் கிளப்பி இடப்பக்கம் திருப்பினேன். மாப்பிள்ளை, வண்டி வலப்பக்கம் போகிறது! பதறிப்போய் இன்னும் இடப்பக்கம் திருப்பினேன், அது இன்னும் வலப்பக்கம் போய், பக்கத்து வீட்டுத் துணிக்கொடியை அப்படியே மாலையாகப் போட்டுக்கொண்டு நின்றது. மெக்கானிக் அன்றைக்குத்தான் முதல் தடவையாக ‘ஆயிடும்’ என்று சொல்லவில்லை. அந்த இரும்புக் கைதான் காரணமாம். அது முன்பக்கம் பார்த்தால் சக்கரம் எதிர்ப்பக்கம் திரும்புமாம். உங்கள் அக்கா கொடியிலிருந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் அலைந்து சரியான பெட்டி கிடைத்தது. மாட்டியபின் எண்ணெயிலிருக்கும் காற்று வெளியேற வேண்டுமாம். முன்சக்கரங்களைத் தூக்கிவைத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இருபது தடவை திருப்பச் சொன்னார். என் தோள் இடம் கொடுக்கவில்லை என்று உங்கள் அக்காவை உட்காரவைத்தேன். இருபது முடிந்தது, நாற்பது முடிந்தது, அவள் நிறுத்தவே இல்லை. எவ்வளவு பொறுப்பு பாருங்கள் என்று மெக்கானிக்கிடம் பெருமையாகச் சொன்னேன்.

இப்போது ஒரு விரலால் திரும்புகிறது, மாப்பிள்ளை. நேற்று தெருவை நாலு சுற்று சுற்றினேன், கண் கலங்கிவிட்டது. அதனால் என் வண்டி என்னிடமே இருக்கும், நான்தான் ஓட்டுவேன். உங்கள் அக்காவுக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது, எனக்குத் தோள்வலி என்று நாலு வருஷமாக உங்கள் வீட்டுக்கு அவளைக் கூட்டி வரவில்லை. அடுத்த மாதம் நானே ஓட்டிக்கொண்டு கூட்டி வருகிறேன். அவளும் பொறுமையாகத்தான் காத்திருக்கிறாள்.

பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும் சொல்லவும். எல்லோருடைய கை காலும் சுகமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடலாம் என்று வாசலுக்கு வந்தால் வண்டி இல்லை. மேஜையில் ஒரு சீட்டு: “தோளுக்கு ரெஸ்ட் குடுங்க. நான் தம்பி வீட்டுக்குப் போய்ட்டு வரேன். சாப்பாடு மூடி வெச்சிருக்கு.” பீரோவில் லைசென்ஸும் இல்லை. அடித்துப் பிடித்து உங்கள் ஊர் பஸ்ஸில் ஏறினேன். இந்தப் பின்குறிப்பை பஸ்ஸில்தான் எழுதுகிறேன், கோணல் எழுத்தை மன்னிக்கவும். இப்போதுதான் எங்கள் பஸ்ஸை ஒரு பிக்கப் முந்தியது. பெட்ரோல் போட நின்றிருப்பாள் போல. முன்னால் வளைவு, ஒரு கையால் திருப்பினாள், இன்னொரு கையால் எனக்கு டாட்டா காட்டினாள். மேலே ‘என் வண்டி’ என்று வரும் இடத்திலெல்லாம் ‘உங்கள் அக்கா வண்டி’ என்று படித்துக்கொள்ளவும். நானும் வலது கையைத் தூக்கிக் காட்டினேன். தோளில் உயிர் போகிற வலி. ஆனாலும் அவள் கண்ணுக்கு மறையும் வரை கையை இறக்கவில்லை.